செவலைக்கு ஆறு ஒத்திகை

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், செம்பாக்கம் ஏரிக்குச் சற்று முன்னால், இடது கைப்பக்கம் தென்மண்டல உயிரணு ஆய்வு மையம் இருந்தது. பன்னிரண்டு ஏக்கர் நிலம், நான்கு கட்டடம், 1985-இல் தொடக்கம். 1996 வரையிலான பதினோரு ஆண்டுகளில் அந்த மையம் கண்டுபிடித்தது என்ன என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம். திறந்து வைத்தது என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லலாம். வெளிக்கதவு, உட்கதவு, ஆழ்துளைக் கிணறு, ஜெராக்ஸ் இயந்திரம், சைக்கிள் நிறுத்துமிடம், மைனஸ் எண்பது டிகிரிக் குளிர்ப்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரமுகர், ஒரு குத்துவிளக்கு, ஒரு பொன்னாடை, ஒரு கல்வெட்டு. கல்வெட்டுகளைப் பதிக்கச் சுவர் போதாமல் போனதால்தான் அந்த ஆண்டு கோடையில் காம்பவுண்டுச் சுவரை நீட்ட ஆரம்பித்தார்கள்.

திறந்து வைக்காத எதையும் உபயோகிக்கக் கூடாது என்பது மையத்தின் முதல் விதி. மாடியிலிருந்த கழிவறை ஒன்று பிரமுகரின் தேதி கிடைக்காமல் பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. மாடியில் வேலை செய்தவர்கள் கீழே இறங்கி வந்து போனார்கள். யாரும் குறை சொல்லவில்லை. பூட்டின் மேல் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பார்க்க லட்சணமாகவே இருந்தது.

சுவர் வேலைக்கு மணல் அடித்தவர் செம்பாக்கத்துத் தசரதன். சொந்தமாக ஒற்றை மாட்டு வண்டி. மாட்டின் பெயர் செவலை. ஒன்பது வயது, நல்ல உழைப்பாளி, யாரையும் முட்டியதில்லை. ஜூன் மாதம் முதல் அது காரணமில்லாமல் தலையை இடமும் வலமும் ஆட்டத் தொடங்கியது. பிறகு வலது கொம்பு தளர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தது. அந்தப் பக்கத்து மூக்கிலிருந்து கெட்ட நாற்றத்தோடு நீர் வடிந்தது. மாட்டாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "கொம்புல புத்து. அடியோட அறுக்கணும். அறுத்தாலும் திரும்ப வரலாம்" என்று சொன்னார்கள். திரும்ப வந்தால் என்ன என்று தசரதன் கேட்கவில்லை. திரும்ப வந்த மாடுகள் கூடுவாஞ்சேரிப் பக்கம் அடிமாட்டு லாரியில் ஏறுவதை அவர் பார்த்திருக்கிறார்.

"லாரில ஏத்தறதா இருந்தா என்னியும் சேத்து ஏத்திடு" என்று அவர் மனைவி எல்லம்மா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் ஏறிவிடக்கூடியவள்.

ஜூலை எட்டாம் தேதி, திங்கட்கிழமை, மணல் கொட்டிக்கொண்டிருந்தபோது மையத்தின் இளம் விஞ்ஞானி டாக்டர் செல்வமேரி வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குரோம்பேட்டைப் பெண். வெளிநாட்டில் ஆறு வருஷம் படித்துவிட்டு, இங்கே வந்து மூன்று வருஷமாகக் குளிர்ப்பெட்டிக்குக் காவல் இருந்தாள். செவலையின் கொம்படியை ஒரு கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு எங்ககிட்ட ஒரு ஊசி இருக்கு அண்ணா" என்றாள்.

"இன்னா ஊசிம்மா?"

"சளி பிடிக்க வைக்கிற ஒரு வைரஸ். உடம்பு அணுவுக்குள்ள எப்படி நுழையறதுன்னு அதுக்கு நல்லாத் தெரியும். அதுக்குள்ள இருக்கிற கெட்ட சாமானை எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு நல்ல மரபணுவை வெச்சிடறோம். கட்டிக்குள்ள போய் அதை எறக்கிடும். அப்புறம் அந்தக் கட்டியே ஒரு சத்தைச் சுரக்க ஆரம்பிக்கும். 'நான் இங்கதான் இருக்கேன், வந்து அடிங்க'ன்னு கட்டியே ஆள் அனுப்பிக் கூப்பிடற மாதிரி. உடம்புல இருக்கிற எதிர்ப்பு அணுவெல்லாம் திரண்டு வந்து அடிக்கும்."

தசரதன் யோசித்தார். "மணல் வண்டில மணலை எறக்கிட்டு செங்கல் ஏத்தி வுட்றாப்பல."

"அதேதான்."

"போய் எறக்க எவ்ளோ நாளாவும்?"

"ஒரு நாள்."

"உள்ள யார்கிட்டயும் கையெழுத்து வாங்க வேணாமா?"

"உள்ள வேணாம்" என்றாள் செல்வமேரி. "வெளியிலதான் வேணும்."

பதினைந்து நாளுக்கு ஒன்றாக ஆறு ஊசி என்று அவள் கணக்கு. மருந்து தயாராகக் குளிர்ப்பெட்டியில் இருந்தது. பாதியில் விட்டால் கட்டி முன்னைவிட வேகமாக வளரும். ஆறையும் போட்டுவிட்டால் கொம்பை அறுக்க வேண்டியிருக்காது. தசரதன் அப்போதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். செல்வமேரி அவரை நிர்வாக அலுவலர் பூவராகனிடம் அழைத்துப் போனாள்.

பூவராகன் கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, படிவம் எண் ஏழை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"சார், இது மனுஷங்களுக்கு உள்ள படிவம்" என்றாள் செல்வமேரி.

"தெரியும்மா. மாட்டுக்குத் தனியா படிவம் அச்சடிக்கணும்னா டெண்டர் விடணும். பதினோரு மாசம். இருக்கிற படிவத்துல மாட்டை நிரப்பறதுதான் சிக்கனம்."

நிரப்பினார்கள். பெயர் செவலை. தந்தை பெயர் தெரியாது. தொழில் மணல் அடித்தல். கல்வித் தகுதி என்ற இடத்தில் பூவராகன் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"இடது பக்கம் போன்னா போவும், நில்லுன்னா நிக்கும்" என்றார் தசரதன்.

"தொழிற்கல்வி" என்று எழுதிக்கொண்டார் பூவராகன். "புகைப் பழக்கம்?"

"எனக்கா, மாட்டுக்கா?"

"நோயாளிக்கு."

"இல்லீங்க. பக்கத்துல நின்னு நான் புடிப்பேன்."

கடைசிப் பக்கம் சம்மதப் பத்திரம். சிகிச்சையின் நன்மை தீமைகளை நோயாளிக்குப் புரியும் மொழியில் சாட்சிகள் முன்னிலையில் படித்துக்காட்டி, நோயாளியின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. பாதுகாவலர் கையெழுத்துப் போடலாமா என்று செல்வமேரி கேட்டாள். நோயாளி பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் போடலாம், ஆனால் ஒன்பது வயது மாடு நடுத்தர வயதைத் தாண்டியது என்று கால்நடைத் துறைக் கையேட்டிலிருந்து பூவராகன் எடுத்துக் காட்டினார். ஆகவே இரண்டு சாட்சிகளோடு மணல் மேட்டுக்கு வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செவலையின் முன்னால் நின்று பத்திரத்தை முழுவதும் படித்தார். நடுவில் மூச்சு வாங்கியபோது தசரதன் தண்ணீர் கொடுத்தார்.

"மேற்கண்டவற்றைப் புரிந்துகொண்டு சம்மதிக்கிறீர்களா?" என்று பூவராகன் முடித்தார்.

செவலை தலையை இடமும் வலமுமாக மூன்று முறை ஆட்டியது.

பூவராகன் நேரத்தைக் குறித்துக்கொண்டார். காலை 11.40. "நோயாளி மறுத்துவிட்டார்."

"சார், அது நோயோட அறிகுறி" என்றாள் செல்வமேரி. "கொம்புல புத்து இருந்தா மாடு தலைய ஆட்டும். குணமாயிட்டா ஆட்டாது."

"அறிகுறியா, அபிப்பிராயமான்னு முடிவு பண்ண எனக்கு அதிகாரம் இல்லம்மா. துணைக்குழுவுக்கு அனுப்பறேன்."

மூன்று பேர் கொண்ட துணைக்குழு ஜூலை பதினேழாம் தேதி மணல் மேட்டில் கூடியது. தலையாட்டல் அபிப்பிராயம்தானா என்று அறிய, சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளையும் கேட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். மையத்தின் வளர்ச்சி திருப்தியளிக்கிறதா என்று கேட்டார்கள். செவலை தலையாட்டியது. இயக்குநரின் நிர்வாகம் எப்படி என்று கேட்டார்கள். பலமாக ஆட்டியது. குழுவின் தலைவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மேற்கொண்டு விசாரிப்பது மையத்தின் நலனுக்கு உகந்ததல்ல என்று எழுதிக் கோப்பை மூடி, இயக்குநருக்கு அனுப்பினார்.

இயக்குநர் ஸ்ரீநிவாசராகவன் ஐம்பத்தேழு வயதுக்காரர். மேடையிலே பேசுவது போலவே வீட்டிலும் பேசுவார் என்று சொல்வார்கள். கோப்பைப் படித்துவிட்டு அவர் கோபப்படவில்லை. புற்றுநோய்க்கு மரபணு ஊசி என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் 'மத்திய அமைச்சர்' என்று எழுதினார். முதல் ஊசியை அமைச்சர் போட வேண்டும். சம்மதத்தையும் அன்றைக்கே, அமைச்சர் முன்னிலையில் கேட்டுக்கொள்ளலாம். அமைச்சர் முன்னால் மறுத்தவர் யாரும் இதுவரை இல்லை. தேதி ஆகஸ்டு ஒன்பது.

"அதுவரைக்கும் ஊசி?" என்றாள் செல்வமேரி.

"திறந்து வைக்காத ஊசியை எப்படிம்மா போடறது?" என்றார் ஸ்ரீநிவாசராகவன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அன்று மாலை விழா பற்றிய சுற்றறிக்கை வந்தது. 1991-இல் ஆழ்துளைக் கிணற்றைத் திறந்தபோது ஒத்திகையில் மோட்டாரைப் போடாமல் போட்ட மாதிரி பாவனை செய்திருந்தார்கள். விழாவில் பிரமுகர் பொத்தானை அழுத்தியபோது காற்று மட்டும் வந்தது. அந்த அவமானத்தை இயக்குநர் மறக்கவில்லை. ஆகவே சுற்றறிக்கையின் மூன்றாம் பத்தி இப்படி இருந்தது: 'விழாவுக்கு இரண்டு நாள் முன்பு முழு ஒத்திகை நடைபெறும். ஒத்திகை எல்லா வகையிலும் விழாவைப் போலவே இருக்க வேண்டும். எதுவும் பாவனையாக இருக்கக் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

செல்வமேரி அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தாள். பிறகு குளிர்ப்பெட்டியின் சாவியைத் தேடினாள்.

ஆகஸ்டு ஏழு, புதன்கிழமை, முதல் ஒத்திகை. ஷாமியானா போட்டு, மைக் செட் வைத்து, நூற்றைம்பது நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். செவலையைக் குளிப்பாட்டி, சாமந்தி மாலை போட்டு, மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அமைச்சராக நிற்கத் தகுதியுள்ள ஆள் வேறு இல்லாததால் இயக்குநரே அமைச்சராக இருந்தார். தன்னைத் தானே வரவேற்று, தனக்குத் தானே பொன்னாடை போர்த்தி, பேசத் தொடங்கினார். பேச்சின் பிரதி எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. நோயாளிக்கும் ஒரு பிரதி உண்டு. அதைத் தசரதன் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உலக நாடுகள் எல்லாம் புற்றுநோயை ஒழிக்கப் பாடுபடுகின்றன" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "அவர்கள் நோயாளியிலிருந்து தொடங்குகிறார்கள். நாம் விழாவிலிருந்து தொடங்குகிறோம். பதினோரு ஆண்டுகளில் இந்த மையத்தில் ஒரு சோதனைகூடத் தோற்றதில்லை என்பதைப் பெருமிதத்தோடு கூறுகிறேன். காரணம், நாம் அவசரப்பட்டு எதையும் தொடங்கியதில்லை."

கைதட்டல். செவலை தலையை ஆட்டியது. அவர் அடுத்த வரிக்குப் போனார். அதற்கும் ஆட்டியது. நாற்பது நிமிடப் பேச்சு முழுவதும், மாலை கழன்று விழும் அளவுக்கு ஆட்டியது. முன் வரிசையில் இருந்தவர்கள் முதலில் இருமினார்கள். பிறகு இருமலில் நம்பிக்கை இழந்து கைக்குட்டைகளை எடுத்தார்கள்.

ஊசி நேரம் வந்தது. ஊசியைக் கட்டிக்குள் செல்வமேரி நுழைத்துப் பிடித்துக்கொள்ள, அமைச்சர் பின்பக்கம் விரலை வைத்து அழுத்த வேண்டும். இயக்குநர் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி அழுத்தினார்.

"அதுல என்னம்மா இருக்கு? தண்ணியா?" என்று பூவராகன் மெல்லக் கேட்டார்.

"சுற்றறிக்கை மூணாவது பத்தில இருக்கறதுதான் சார்."

பூவராகனுக்குத் திருப்தி. பதிவேட்டில் 'ஒத்திகை, ஒன்று, விதிப்படி' என்று எழுதினார்.

அன்று சாயங்காலமே அமைச்சர் அலுவலகத்திலிருந்து தந்தி. தவிர்க்க முடியாத காரணத்தால் வருகை ஆகஸ்டு இருபத்து மூன்றுக்கு மாற்றப்பட்டது. மறுநாள் செவலைக்குக் காய்ச்சல் வந்து மூக்கு ஒழுகியது. எல்லம்மா சுக்குத் தட்டிப் போட்டுக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்துவிட்டு மையத்துக்கு நடந்தே வந்தாள்.

"இன்னா டாக்டரம்மா, புத்துக்கு ஊசி போடறன்னு சொல்லிட்டு மாட்டுக்கு சளி குடுத்துகினு கீறீங்க?"

"நல்ல சளிதான்க்கா. ரெண்டு நாள்ல போயிடும். உள்ள சண்டை ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்."

"உள்ளயாவது ஆரம்பிச்சாங்களே" என்று சொல்லிவிட்டு எல்லம்மா திரும்பினாள்.

ஸ்ரீநிவாசராகவன் வேறு கவலையில் இருந்தார். நாற்பது நிமிடம் ஒரு ஜீவன் தன் பேச்சை மறுத்துக்கொண்டே நின்றதை அவர் பார்த்தார். ஊழியர்கள் யாரும் இதுவரை அப்படிச் செய்ததில்லை. அமைச்சர் முன்னால் இது நடந்தால் என்னாவது? அது நோயின் அறிகுறி என்று செல்வமேரி மறுபடி சொன்னபோது அவர் வருத்தத்தோடு சிரித்தார். "எல்லோரும் அப்படித்தான் எனக்கு ஆறுதல் சொல்வார்கள், அம்மா." அன்று முதல் பேச்சைத் திருத்த ஆரம்பித்தார். நான்கு உவமைகளை எடுத்தார். இரண்டு புள்ளிவிவரங்களைச் சேர்த்தார்.

ஆகஸ்டு இருபத்தொன்றாம் தேதி இரண்டாவது ஒத்திகை. செவலை பாதிப் பேச்சுக்குத்தான் தலையாட்டியது. இயக்குநரின் முகம் மலர்ந்தது. இரண்டாவது ஊசி உள்ளே போனது. அமைச்சர் வருகை செப்டம்பர் ஆறுக்கு மாறியது. இந்த இடைவெளியில் இயக்குநர் பேச்சில் பாதியை, அதாவது செவலை ஆட்சேபித்த பாதியை, மாற்றி எழுதினார். விழா நாளில் செவலைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து, மாற்று மாடு ஒன்று தேவை என்று உத்தரவிட்டார். கூடுவாஞ்சேரியில் வண்டி வைத்திருக்கும் சின்னப்பனின் மயிலைக்கும் கொம்பில் அதே வியாதி. தசரதன் போய்ச் சொல்ல, சின்னப்பன் அன்றைக்கே மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். சுற்றறிக்கை எல்லா வகையிலும் என்று சொல்லியிருந்ததால் மாற்று மாட்டுக்கும் மாலை, மாற்று மாட்டுக்கும் ஊசி.

செப்டம்பர் நான்காம் தேதி மூன்றாவது ஒத்திகை. மயிலைக்கு அது முதல் ஊசி, கணக்காகத் தலையாட்டியது. ஆனால் அது மாற்று மாடு என்பதால் அதன் கருத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. செவலையோ மேடையைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. ஐம்பத்தைந்து நிமிடப் பேச்சுக்கு ஒரு முறைகூட ஆட்டவில்லை. வாய் மட்டும் அசைபோட்டது. கொம்படியில் வீக்கம் பாதியாகியிருந்தது. மூக்கில் நாற்றம் இல்லை. செல்வமேரி கட்டியை அளந்து, கையில் இருந்த நோட்டில் எழுதி, எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி வந்து செவலையின் முதுகைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. "நல்ல சொற்பொழிவுக்குக் கட்டுப்படாத உயிர் இல்லை" என்றார். இந்த முறையும் அமைச்சர் வரவில்லை. ஆனால் இயக்குநர் அன்றே தில்லிக்கு நீண்ட கடிதம் எழுதினார்: சகல ஏற்பாடுகளும் பரிபூரணம் அடைந்துவிட்டன, நோயாளியின் மனமும் கனிந்துவிட்டது, மாண்புமிகு அமைச்சர் இனித் தாமதிக்கலாகாது.

அதுதான் வினையாகிப் போனது. செப்டம்பர் பத்தாம் தேதி பதில் வந்தது. அமைச்சர் செப்டம்பர் இருபது, வெள்ளிக்கிழமை, உறுதியாக வருகிறார்.

செய்தி கேட்டுத் தசரதன் சந்தோஷப்பட்டார். செல்வமேரியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இன்னாம்மா, மந்திரி வந்தா நல்லதுதானே?"

"விழா நடந்துட்டா ஆய்வு தொடங்கிட்டதா அர்த்தம் அண்ணா. தொடங்கிட்டா விதி எல்லாம் வந்துடும். முதல் ஊசிக்கப்புறம் அறிக்கை எழுதி தில்லிக்கு அனுப்பணும். அது திரும்பி வந்தாத்தான் அடுத்த ஊசி. எட்டு மாசம்."

"அதுக்குள்ள?"

"செவலைக்கு நாலு ஊசிதான் போயிருக்கும். விழாவுல போடறதையும் சேர்த்தா அஞ்சு. ஆனா அது ரெண்டே நாள் இடைவெளில, கணக்குல வராது. மயிலைக்கு இன்னும் மோசம். ரெண்டே ரெண்டு."

"பாதில வுட்டா முன்னவிட வேகமா வளரும்னு சொன்னியே."

"ஆமா."

தசரதன் வண்டியில் உட்கார்ந்து வெகுநேரம் மூக்கணாங்கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தார். அதில் சரி செய்ய எதுவும் இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் எல்லம்மா அடுப்பை அணைத்தாள். "இன்னாய்யா இது. தொறக்காத வரைக்கும் வைத்தியம் நடக்குது, தொறந்தா நின்னுடுமாமா? எவன்யா அந்த ஆபீஸக் கட்னவன்?"

"பேஜாரா கீதுடி. அந்த டைரட்டரு கைல சொன்னா கேப்பாருன்னு பாத்தா, அவரு மாடு ஒத்துகிச்சின்னு குஷில கீறாரு. அது தலையாட்டிகினு இருந்த வரைக்கும் பேச்சத் திருத்திகினே இருந்தாரு. இப்ப ஆட்டறதில்லியா, முடிஞ்சிபோச்சின்னு நினைக்கிறாரு."

எல்லம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் பேச்சக் குடு" என்றாள்.

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இடுப்பில் கசங்கிக் கிடந்த, கடைசி ஒத்திகையில் கொடுத்த நோயாளியின் பிரதியை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், செவலையின் முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். எங்காவது ஒரு இடத்தில் தலையாட்டினால் போதும் என்பது எண்ணம். செவலை வைக்கோலைத் தின்றது. இரண்டாம் முறை படித்தபோது படுத்துக்கொண்டது.

"நோவு போயிகினு கீது. ஆட்ட மாட்டேங்குது பாரு" என்றாள் எல்லம்மா. சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்த குரலில் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தசரதன் இயக்குநரின் அறைக்கு வெளியே நின்றார். பூவராகன் காரணம் கேட்டார். நோயாளி சார்பில் பேச்சைப் பற்றி ஒரு விண்ணப்பம் என்று தசரதன் சொன்னார். பேச்சைப் பற்றி என்றதும் கதவு திறந்துவிட்டது.

"சார், தப்பா நினைக்கக் கூடாது" என்றார் தசரதன். "நேத்து வூட்ல என் சம்சாரம் உங்க பேச்ச செவலைக்குப் படிச்சிக் காட்டுச்சி."

"அப்படியா?" ஸ்ரீநிவாசராகவன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "கேட்டுக்கொண்டதா?"

"கேட்டுச்சி சார். ஆனா நாலாம் பக்கத்துல தலையாட்டுச்சி."

ஸ்ரீநிவாசராகவன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"ஒத்திகையில் ஆட்டவில்லையே?"

"உங்க முன்னால மரியாதைக்கு அடக்கிக்குது சார்."

இயக்குநர் பூவராகனைப் பார்த்தார். பூவராகன் தரையைப் பார்த்தார். ஊழியர்கள் விஷயத்தில் அது தெரிந்ததுதான். மாடும் அப்படி இருக்கலாம் என்று இயக்குநருக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எந்த வரியில்?" என்று மெதுவாகக் கேட்டார். நான்காம் பக்கத்தை எடுத்துத் தசரதன் பக்கம் திருப்பி வைத்தார்.

தசரதனுக்குப் படிக்கத் தெரியாது. பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கையை நீட்டினார். பாதிக்குக் கீழே ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

இயக்குநர் குனிந்து படித்தார். "'இம்மையம் காலத்தின் அருமையை நன்கு உணர்ந்தது.'" மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். "எழுதும்போதே எனக்கும் இந்த வரியில் ஒரு நெருடல் இருந்தது, பூவராகன். யாருமே சொல்லவில்லை. மூன்று ஒத்திகையில் நூற்றைம்பது பேர் கேட்டார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை."

"நானும் கவனிச்சேன் சார்" என்றார் பூவராகன்.

"கவனித்து?"

"மரியாதைக்கு அடக்கிக்கிட்டேன் சார்."

ஸ்ரீநிவாசராகவன் எழுந்து ஜன்னலோரம் போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒரு வரியில் தவறென்றால் அது ஒரு வரியோடு நிற்காது. முன்பின் பத்திகளையும் பார்க்க வேண்டும். இந்த நிலையில் அமைச்சரை வரவழைப்பது அவருக்கும் மரியாதை இல்லை, நோயாளிக்கும் மரியாதை இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். 'ஒத்திகை எதிர்பார்த்த தரத்தை எட்டாத காரணத்தால், தொடக்க விழாவைத் தள்ளிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'"

"எவ்வளவு நாள் சார்?"

இயக்குநர் தசரதனைப் பார்த்தார். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? மாட்டோடு பழகியவர்."

தசரதன் மனதுக்குள் ஊசிகளை எண்ணினார். செவலைக்கு மூன்று. மயிலைக்கு ஐந்து. பதினைந்து நாளுக்கு ஒன்று. "பொங்கல் கழிச்சி வெச்சிக்கலாம் சார்" என்றார். "அதுக்குள்ள ஒத்திகை மட்டும் நிறுத்தாம நடந்தா நல்லா இருக்கும். பேச்சு சூடா இருக்கசொல்லவே வுட்டா, பாதில ஆறிப்போயிடும்."

"நிறுத்துவதா? ஒத்திகை பதினைந்து நாளைக்கு ஒரு முறை கட்டாயம்" என்றார் இயக்குநர். "சுற்றறிக்கையே போடுகிறேன்."

பூவராகன் தயங்கினார். "சார், தில்லில கேள்வி கேட்டா? தள்ளிப்போட நாமளே கேக்கறது இதுவரைக்கும் நடந்ததில்ல."

"கேட்கட்டும். தரத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு மாட்டின் நேர்மை அவர்களுக்கு இருந்தால் புரிந்துகொள்வார்கள்." சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்து, காலத்தின் அருமை பற்றிய வரியின் மேல் அழுத்தமாக ஒரு கோடு போட்டார். பிறகு பக்கத்தைத் திருப்பி ஐந்தாம் பக்கத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

தசரதன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. எல்லம்மா செவலையின் கழுத்தில் சாய்ந்துகொண்டு நின்றாள். பக்கத்தில் மயிலையோடு சின்னப்பன். செல்வமேரி ஆய்வகத்து வாசலில் நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தசரதன் அவளைப் பார்த்து ஒரு கையில் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். அவள் உள்ளே ஓடினாள்.

"இன்னாய்யா சொன்னாரு?" என்றாள் எல்லம்மா.

"தப்புதான்னு ஒத்துகினாரு."

"எது தப்பு?"

"தெரில. நான் வெரல வெச்சேன். அவரு ஒத்துகினாரு."

சின்னப்பன் மயிலையைப் பார்த்தார். அது தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் கவலையோடு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், பொங்கலுக்குள்ள இதுக்கும் ஆட்டம் நின்னுபோச்சின்னா, நான் எந்த வரில வெரல வெக்கறது?"

தசரதன் வண்டியில் ஏறி உட்கார்ந்து கயிற்றைத் தளர்த்தினார்.

"எதுல வேணா வெய்யி, மச்சான்" என்றார். "பதினாலு பக்கம் கீது."